படம் ஏன் பழுப்பாக மாறுகிறது? ‘ரங் தே பசந்தி’யின் இரட்டைக் காலம்

போன மாதம் அக்கா மகளோடு உட்கார்ந்து ‘ரங் தே பசந்தி’ என்ற இந்திப் படத்தைப் பார்த்தேன். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். 2006 ஜனவரி 26 அன்று அந்தப் படம் திரைக்கு வந்தபோது அவள் பிறந்திருக்கவில்லை. முதல் அரைமணி நேரம் சிரித்துக்கொண்டே பார்த்தாள். பிறகு ரிமோட்டை எடுத்து நிறுத்திவிட்டுக் கேட்டாள்: “மாமா, எதுக்கு அடிக்கடி படம் பழுப்பா மாறுது? இப்பதான் பசங்களோட கூத்தடிச்சிட்டிருந்தான். அதே ஆளு திடீர்னு பழைய காலத்து உடுப்புல துப்பாக்கியோட நிக்கிறான். இது யாரோட ஃப்ளாஷ்பேக்?”

நல்ல கேள்வி. இது யாருடைய ஃப்ளாஷ்பேக்கும் இல்லை என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அந்த ஒரு வரிக்குள்தான் இந்தப் படத்தின் வேலைப்பாடு முழுக்க இருக்கிறது. அரசியல் என்றாலே ஒதுங்கிப் போகிற பிள்ளைகள் எப்படி அதற்குள் வந்து விழுகிறார்கள் என்பதைச் சொல்வது எந்த இயக்குநருக்கும் சிரமமான காரியம். வசனத்தில் சொன்னால் மேடைப் பேச்சு ஆகிவிடும். சொல்லாமல் விட்டால் நேற்றுவரை ஊர் சுற்றியவன் இன்று ஏன் உயிரைக் கொடுக்கிறான் என்று யாரும் நம்ப மாட்டார்கள். ராகேஷ் ஓம்பிரகாஷ் மெஹ்ரா இந்தச் சிக்கலுக்குக் கண்டுபிடித்த வழிதான் அந்தப் பழுப்பு நிறம்.

அன்று அவளுக்குச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். கதையை முடிவு உட்படச் சொல்லியாக வேண்டியிருக்கிறது. படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிப்பது நல்லது.

கதை

சூ மெக்கின்லி ஓர் ஆங்கிலேயப் பெண். அவளுடைய தாத்தா பிரிட்டிஷ் ஆட்சியில் இந்தியாவில் சிறை அதிகாரியாக இருந்தவர். தூக்குமேடைக்குப் போன புரட்சியாளர்களை அருகில் இருந்து பார்த்தவர். சாகப் போகிற மனிதர்கள் இரண்டு வகை என்று தான் நினைத்திருந்ததாக அவர் தன் நாட்குறிப்பில் எழுதுகிறார்: அலறிக்கொண்டு போகிறவர்கள், வாய் திறக்காமல் போகிறவர்கள். பிறகு மூன்றாவது வகையைப் பார்த்தாராம். அந்த மூன்றாவது வகை மனிதர்கள் யார் என்று தேடித்தான் பேத்தி டெல்லிக்கு வருகிறாள். அவர்களைப் பற்றி ஒரு படம் எடுக்க வேண்டும். கையில் பணம் இல்லை. வேலை பார்த்த நிறுவனமும் கைவிட்டுவிட்டது. டெல்லி பல்கலைக்கழகத்துத் தோழி சோனியா மூலமாகக் கிடைக்கிற பையன்களையே நடிக்க வைக்கிறாள்.

அந்தப் பையன்களுக்குப் புரட்சியும் தெரியாது, தியாகமும் தெரியாது. நாட்டுக்காக உயிரை விடுவது என்ற பேச்சே அவர்களுக்குச் சிரிப்பாக இருக்கிறது. டி.ஜே.யைப் பாருங்கள். பட்டம் வாங்கி ஐந்து வருடம் ஆகியும் வளாகத்தை விட்டுப் போகாதவன். கல்லூரி வாசலுக்கு இந்தப் பக்கம் நாம் வாழ்க்கையை ஆட்டி வைக்கிறோம், அந்தப் பக்கம் போனால் வாழ்க்கை நம்மை ஆட்டி வைக்கும் என்று ஓரிடத்தில் சூவிடம் சொல்கிறான். முதல் பாதி முழுக்க இந்தப் பயம் ஓடுகிறது. மேலே பார்த்தால் குதூகலம், அடியில் வாசலைத் தாண்டப் பயம். அரசியல் பேசாத இளைஞனை அக்கறையற்றவன் என்று திட்டிவிட்டுப் போவது எளிது. அவன் பயந்திருக்கிறான் என்று பார்த்தது மெஹ்ராவின் நுட்பம். என் கண்ணில் படத்தின் முதல் உண்மை அதுதான்.

யார் யாராக நடிக்கிறார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் தெளிவாகும். டி.ஜே. (ஆமிர் கான்) சந்திரசேகர் ஆசாத். பணக்கார வீட்டுப் பிள்ளை கரண் (சித்தார்த்) பகத் சிங். பழைய டெல்லி முஸ்லிம் குடும்பத்து அஸ்லம் (குணால் கபூர்) அஷ்ஃபாகுல்லா கான். பயந்த சுபாவமுள்ள சுக்கி (ஷர்மன் ஜோஷி) ராஜகுரு. இந்துத்துவக் கட்சி ஒன்றின் தொண்டன் லட்சுமண் பாண்டே (அதுல் குல்கர்னி) ராம்பிரசாத் பிஸ்மில். சோனியா (சோஹா அலி கான்) துர்கா பாபி. சோனியாவை மணக்கப் போகிறவன் விமானப்படை விமானி அஜய் (மாதவன்). அவன் மட்டும் எந்த வேடமும் போடுவதில்லை. அவனுக்கு வேடம் தேவையில்லை என்பது பின்னால்தான் புரிகிறது.

ஃப்ளாஷ்பேக் வேறு, இது வேறு

ஃப்ளாஷ்பேக் என்றால் நமக்குத் தெரியும். ஒருவர் மோட்டுவளையைப் பார்ப்பார், காட்சி கலங்கும், அவருடைய இளமைக்காலம் வரும். அந்தக் கடந்த காலத்துக்கு ஒரு சொந்தக்காரர் உண்டு, நினைத்துப் பார்க்கிற மனிதர். ‘ரங் தே பசந்தி’யில் 1920களின் காட்சிகளை நினைத்துப் பார்க்க அப்படி யாரும் உயிரோடு இல்லை. நாட்குறிப்பு எழுதிய தாத்தாவின் குரல் கேட்கிறது, அவ்வளவுதான்.

முதலில் அந்தப் பழுப்புக் காட்சிகளுக்குக் கதைக்குள் ஒரு நியாயம் இருக்கிறது. அவை சூ எடுக்கிற படத்தின் காட்சிகள். பையன்கள் உடை மாற்றுகிறார்கள், வசனம் மறக்கிறார்கள், சிரித்துவிடுகிறார்கள். ஆனால் போகப்போக அந்தச் சந்தடி எல்லாம் காணாமல் போகிறது. பணமில்லாத ஒரு பெண் எடுக்கிற படத்தில் அத்தனை ஆட்களும் ரயிலும் எங்கிருந்து வந்தன என்று நாம் கேட்பதே இல்லை. எந்த இடத்தில் ஒத்திகை முடிந்து வரலாறு தொடங்கியது என்று கோடு கிழிக்க முடியாது. இரண்டு இடங்களில் நடப்பதை மாற்றி மாற்றி வெட்டிக் காட்டுவதைப் படத்தொகுப்பு அறையில் இன்டர்கட் என்பார்கள். போலீஸ் ஜீப் ஒரு பக்கம், ஓடுகிற திருடன் இன்னொரு பக்கம் என்று துரத்தல் காட்சிகளில் நாம் தினமும் பார்ப்பதுதான். இங்கே இரண்டு இடங்களுக்குப் பதிலாக இரண்டு காலங்கள். நடுவில் முக்கால் நூற்றாண்டு. படத்தொகுப்பாளர் பி.எஸ். பாரதிக்கு இதற்காகத் தேசிய விருது கிடைத்தது, முழுக்கத் தகுதியான விருது.

இன்டர்கட் மட்டும் இருந்தால் இது ஒரு புத்திசாலித்தனமான வித்தையாக நின்றிருக்கும். அதற்கு உயிர் கொடுப்பது முகம். இரண்டு காலத்திலும் ஒரே முகங்கள். வேறு நடிகர்களைக் கொண்டு பகத் சிங் காலத்தைக் காட்டியிருந்தால் நமக்கு ஒரு வரலாற்றுப் பாடம் கிடைத்திருக்கும். கரணின் முகத்திலேயே பகத் சிங்கைப் பார்க்கும்போது, இந்தப் பையனுக்குள் அவன் இருந்திருக்கிறானே என்று தோன்றுகிறது. வேடம் கட்டினவன் வேடத்தைக் கலைக்க முடியாமல் போவதுதான் இந்தக் கதை. அரைகுறை விளையாட்டாகப் போட்ட உடுப்பு மெல்ல மெல்ல ஆளைப் பிடித்துக்கொள்கிறது.

நிறமும் அப்படியே. தொடக்கத்தில் நிகழ்காலம் பளிச்சென்று இருக்கிறது, கடந்த காலம் பழைய புகைப்படம்போல் பழுப்பேறி இருக்கிறது. எது எப்போது என்று குழப்பமே வராது. பின்பாதியில் வெட்டுகள் வேகமாகின்றன. பழுப்பில் ஒருவன் தலையைத் திருப்பினால் நிகழ்காலத்தில் அவனே திருப்பி முடிக்கிறான் என்பது போன்ற உணர்வு வந்துவிடுகிறது. ஒளிப்பதிவாளர் பினோத் பிரதான் இரண்டு காலங்களுக்கும் இரண்டு வெளிச்சம் வைத்ததால்தான் கடைசியில் அவை கலக்கும்போது நம் மனம் பதறுகிறது.

பழுப்புக் காட்சிகளில் வருகிற நிஜ மனிதர்கள்

இந்த வரலாறு தெரியாமல் படம் பார்த்தால் பாதி கைநழுவிப் போகும். சுருக்கமாகச் சொல்கிறேன்.

1924இல் வட இந்தியாவில் இந்துஸ்தான் குடியரசு சங்கம் என்ற புரட்சிகர அமைப்பு உருவானது. ஆயுதம் வாங்கப் பணம் வேண்டும். அரசின் பணத்தையே எடுப்பது என்று முடிவு செய்தார்கள். 1925 ஆகஸ்ட் 9 அன்று லக்னோவுக்கு அருகே காகோரியில் ரயிலை நிறுத்தி அரசுக் கருவூலப் பணத்தைக் கைப்பற்றினார்கள். குண்டு தவறிப் பாய்ந்து பயணி ஒருவர் இறந்துபோனார். அந்த வழக்கில் நான்கு பேருக்குத் தூக்கு. ராம்பிரசாத் பிஸ்மில் கோரக்பூர் சிறையிலும் அஷ்ஃபாகுல்லா கான் ஃபைசாபாத் சிறையிலும் ஒரே நாளில், 1927 டிசம்பர் 19 அன்று, தூக்கிலிடப்பட்டார்கள். ஆசாத் மட்டும் போலீஸ் கையில் சிக்கவில்லை.

மிஞ்சியவர்களும் புதிதாக வந்தவர்களும் 1928 செப்டம்பரில் டெல்லி ஃபெரோஸ் ஷா கோட்லா இடிபாடுகளில் ரகசியமாகக் கூடினார்கள். அமைப்பின் பெயரில் ‘சோசலிச’ என்ற சொல்லைச் சேர்த்தார்கள். பகத் சிங்கும் தோழர்களும் வற்புறுத்திச் சேர்த்த சொல் அது. அடுத்த மாதம் 30ஆம் தேதி லாகூரில் சைமன் குழுவுக்கு எதிரான ஊர்வலத்தில் லாலா லஜபதி ராய் தடியடி பட்டார். நவம்பர் 17 அன்று இறந்தார். சரியாக ஒரு மாதம் கழித்து, டிசம்பர் 17 அன்று, தடியடிக்கு உத்தரவிட்ட ஸ்காட் என்று நினைத்து சாண்டர்ஸ் என்ற இளைய அதிகாரியைச் சுட்டுக் கொன்றார்கள். பகத் சிங் லாகூரிலிருந்து தப்பும்போது அவருடைய மனைவிபோல நடித்து, கைக்குழந்தையோடு ரயில் ஏறியவர் துர்காவதி தேவி. தோழர்கள் அண்ணி என்ற பொருளில் ‘பாபி’ என்று அழைத்ததால் துர்கா பாபி. 1929 ஏப்ரல் 8 அன்று டெல்லி மத்தியச் சட்டமன்றத்தில் பகத் சிங்கும் படுகேஷ்வர் தத்தும் குண்டு வீசினார்கள். ஆளில்லாத பக்கமாகப் பார்த்து வீசினார்கள். ஓடவில்லை. செவிடர்கள் காதில் விழ வேண்டுமானால் உரத்த சத்தம் தேவை என்று தொடங்கும் துண்டறிக்கையைத் தூவிவிட்டு அங்கேயே நின்று கைதானார்கள். ஆசாத் 1931 பிப்ரவரி 27 அன்று அலகாபாத் ஆல்ஃபிரட் பூங்காவில் போலீசோடு நடந்த துப்பாக்கிச் சண்டையில் இறந்தார். மார்ச் 23 அன்று பகத் சிங், ராஜகுரு, சுகதேவ் மூவரும் லாகூரில் தூக்கிலேற்றப்பட்டார்கள். பகத் சிங்குக்கு வயது 23.

இந்தத் தேதிகளை நான் ஏன் அடுக்குகிறேன் என்றால், படத்தின் நிகழ்காலக் கதை இந்த வரிசையை அப்படியே பின்பற்றுகிறது.

அஸ்லமும் லட்சுமணும்

எல்லா ஜோடிகளையும் விட எனக்கு மனதுக்கு நெருக்கமான ஜோடி இதுதான், அதனால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன்.

பிஸ்மிலும் அஷ்ஃபாக்கும் ஷாஜகான்பூர்க்காரர்கள். பிஸ்மில் ஆரிய சமாஜத்துக்காரர், தினமும் வழிபாடு தவறாதவர். அஷ்ஃபாக் பக்தியுள்ள முஸ்லிம். இருவருமே கவிதை எழுதுகிறவர்கள். மதத்தை விடாமலே ஒருவர்மேல் ஒருவர் உயிராய் இருந்தவர்கள். வகுப்புக் கலவரங்கள் நடந்த 1920களில் இந்த நட்பே ஓர் அரசியல் நிலைப்பாடு.

இப்போது படத்துக்கு வாருங்கள். லட்சுமணுக்கு அஸ்லமைக் கண்டாலே ஆகாது. மேல்நாட்டுக் கலாச்சாரம், முஸ்லிம், குடி, பெண்கள் என்று எல்லாவற்றின் மேலும் கோபம். அஸ்லம் வீட்டிலும் மறுபக்கத்துச் சந்தேகம் இருக்கிறது. ஓம் புரி நடித்த அப்பா, ‘அவங்களோட’ பழகாதே என்று மகனிடம் முகம் கடுத்துக்கொள்கிறார். இப்படிப்பட்ட இரண்டு பேரை எதிரெதிரே நிறுத்தி, ஒருவருக்காக ஒருவர் உயிர் கொடுக்கும் நண்பர்களாக நடிக்கச் சொல்கிறாள் சூ. வசனத்தை மனப்பாடமாக ஒப்பித்தால் காட்சி வராது. அஷ்ஃபாக்கைப் பார்த்து பிஸ்மில் பேசவேண்டிய பேச்சை, லட்சுமண் அஸ்லமின் கண்ணைப் பார்த்துப் பேசியாக வேண்டும். அன்பாக நடிக்க வேண்டுமானால் முதலில் அந்த முகத்தை நேராகப் பார்க்க வேண்டுமே. அதுவரை அவன் பார்த்ததே இல்லை.

மதநல்லிணக்கம் பற்றி யாரும் பேருரை ஆற்றவில்லை. ஒத்திகை பார்த்துப் பார்த்தே ஒருவன் மாறுகிறான். படத்தின் முடிவில் குண்டடி பட்டுக் கிடக்கிற இருவரும் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு சாகிறார்கள். பழுப்பில் இருவரும் வெவ்வேறு சிறைகளில் செத்தவர்கள், நிகழ்காலத்தில்தான் சேர்ந்து சாகக் கிடைக்கிறது. அக்கா மகள் இந்த இடத்தில் எதுவும் கேட்கவில்லை.

விமானம் விழுந்த பிறகு

அஜய் ஓட்டிய மிக்-21 விழுகிறது. ஊருக்குள் விழாமல் இருக்க விமானத்தை விட்டுக் குதிக்காமலே அவன் செத்தான். பாதுகாப்பு அமைச்சரோ விமானியின் கவனக்குறைவு என்று சொல்லிவிடுகிறார். உண்மையில் தரமில்லாத உதிரிபாகங்களை வாங்கியதில் அமைச்சருக்குப் பங்கு. அந்த பேரத்தில் கரணின் அப்பாவும் இருக்கிறார்.

இந்தப் பகுதி வெறும் கற்பனையாக யாருக்கும் படவில்லை. மிக்-21 இந்திய விமானப்படையில் 1963இல் சேர்ந்தது. அடுத்தடுத்த விபத்துகளால் ‘பறக்கும் சவப்பெட்டி’ என்ற பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது. 2025 செப்டம்பர் 26 அன்றுதான் சண்டிகரில் அதற்கு விடைகொடுத்தார்கள். அதனால்தான் படம் வெளிவருமுன் அன்றைய பாதுகாப்பு அமைச்சர் பிரணாப் முகர்ஜியும் முப்படைத் தளபதிகளும் அதைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு அனுமதித்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

அஜய்யின் இறுதிச் சடங்கில் ஏ.ஆர். ரஹ்மான் இசைத்த ‘லுக்கா சுப்பி’ பாட்டு வருகிறது. லுக்கா சுப்பி என்றால் கண்ணாமூச்சி. ஒளிந்தது போதும், எங்கே இருக்கிறாய், வெளியே வா என்று தாய் பிள்ளையைத் தேடுகிற பாட்டு. 70 வயதைக் கடந்த லதா மங்கேஷ்கரின் குரல் தாயாகவும் ரஹ்மானின் குரல் எங்கோ தூரத்திலிருந்து பதில் சொல்கிற மகனாகவும் வருகின்றன. திரையில் அழுது அரற்றாத வஹீதா ரெஹ்மான். இந்தி ஒரு சொல் தெரியாதவர்களுக்கும் இந்தப் பாட்டில் என்ன நடக்கிறது என்று விளக்க வேண்டியதில்லை.

இதற்குப் பிறகுதான் இரண்டு காலங்களும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்த ஆரம்பிக்கின்றன. அஜய்யின் பெயரில் ஒட்டிய களங்கத்தைத் துடைக்க வேண்டும் என்று இந்தியா கேட்டில் அமைதியாகக் கூடுகிறார்கள். போலீஸ் தடியடி நடத்துகிறது. அஜய்யின் தாய் அடிபட்டு நினைவிழக்கிறார். 1928 லாகூர், லஜபதி ராய் ஞாபகம் வருகிறதா? லட்சுமணின் கட்சியும் அடித்தவர்கள் பக்கமே நிற்கிறது. ஜாலியன்வாலாபாக் காட்சி ஓடும்போது சுடச் சொல்லும் டயரின் இடத்தில் இன்றைய அமைச்சரின் முகம் வந்து நிற்கிறது. காலையில் நடைப்பயிற்சி போகிற அமைச்சரை இவர்கள் சுடுகிறார்கள், பழுப்பில் சாண்டர்ஸ் சுடப்படுகிறார். கடைசியில் வானொலி நிலையத்துக்குள் நுழைந்து, ஊழியர்களை வெளியே அனுப்பிவிட்டு, நாங்கள்தான் கொன்றோம், ஏன் கொன்றோம் என்று மக்களிடம் பேசுகிறார்கள். என் அப்பாவையும் கொன்றேன் என்கிறான் கரண். தப்பிக்கப் பார்க்காமல் செவிடர் காதில் விழப் பேசுவது, அதே 1929 சட்டமன்றம். அதிரடிப்படை உள்ளே நுழைகிறது. ஒருவரும் மிஞ்சவில்லை. டி.ஜே.யும் கரணும் சிரித்தபடி சாகிறார்கள். தாத்தாவின் நாட்குறிப்பில் இருந்த மூன்றாவது வகை மனிதர்களைப் பேத்தி கண்டுபிடித்துவிட்டாள், தன் நண்பர்களிலேயே.

படத்தின் பெயருக்கும் இங்கேதான் அர்த்தம் முழுமையாகிறது. வசந்தம் இந்தியில் பசந்த். வசந்த காலத்தில் கடுகு பூத்த வயல் என்ன நிறமோ அதுவே பசந்தி. என் அங்கியை பசந்தி நிறத்தில் சாயமிட்டுக் கொடு அம்மா என்பது புரட்சியாளர்கள் பாடிய பாட்டு. உயிரைக் கொடுக்கக் கிளம்புகிறவன் உடுத்தும் நிறம். உடை மாற்றுவது பற்றிய ஒரு வரியைத் தலைப்பாக வைத்த படத்தில், கதையே உடை மாற்றுவதில் தொடங்குகிறது.

ஒப்பீடு எங்கே உடைகிறது

இரண்டு காலத்தையும் இப்படி ஒட்டவைக்கும்போது ஓர் ஆபத்து உண்டு. அதைச் சொல்லாவிட்டால் இந்த விளக்கம் பாதி விளக்கம்தான். ஒரே முகத்தைக் காட்டி வெட்டும்போது இரண்டும் ஒன்றுதான் என்று கண் நம்பிவிடுகிறது. இன்டர்கட்டின் சக்தி அது. வாதிடாமலே ஒப்புக்கொள்ள வைத்துவிடும்.

சாண்டர்ஸை யாரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை. அவரை அனுப்பிய ஆட்சியை இந்தியர்கள் ஓட்டால் இறக்கியிருக்கவும் முடியாது. 2006இன் அமைச்சரை இறக்க முடியும். நீதிமன்றம் இருக்கிறது, எதிர்க்கட்சி இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 அக்டோபரில் நடைமுறைக்கு வந்து மூன்று மாதம் கழித்துத்தான் இந்தப் படமே வந்தது. எந்த உதிரிபாகம் யாரிடம் என்ன விலைக்கு வாங்கப்பட்டது என்று விண்ணப்பம் போட்டுக் கேட்கிற காட்சி திரையில் விறுவிறுப்பாக இருக்காதுதான். ஆனால் அமைச்சரைச் சுட்டதை நான் ஏற்கவில்லை, எத்தனை முறை பார்த்தாலும். அதே படம் கடைசியில் கரணின் வாயால் காவல்துறையில் சேருங்கள், ஆட்சிப் பணிக்கு வாருங்கள், அரசியலுக்கு வாருங்கள் என்ற பாதையையும் காட்டுகிறது. செய்தது ஒன்று, கேட்டுக்கொண்டது இன்னொன்று. இந்த முரண் மெஹ்ராவுக்கும் தெரிந்திருக்கிறது என்றே நினைக்கிறேன்.

இதே சித்தார்த்தும் மாதவனும் 2004இல் மணிரத்னத்தின் ‘ஆய்த எழுத்து’வில் நடித்தார்கள் என்பது நம்மில் பலருக்கு நினைவிருக்கும். அதே கதை அதே நாளில் இந்தியில் ‘யுவா’வாகவும் வந்தது. அங்கே மாணவர்கள் தேர்தலில் நின்று சட்டமன்றத்துக்குள் போகிறார்கள். இரண்டு ஆண்டு இடைவெளியில் ஒரே கேள்விக்கு இரண்டு பதில்கள்: ஒன்றில் வாக்குச்சீட்டு, இன்னொன்றில் துப்பாக்கி. இரண்டையும் அடுத்தடுத்த நாளில் பார்க்கச் சொல்லி அக்கா மகளிடம் சொல்லியிருக்கிறேன்.

படம் விட்டுவிட்ட பகத் சிங்

என் பெரிய மனக்குறை இன்னொன்று. துப்பாக்கி பிடித்த பகத் சிங் படத்தில் இருக்கிறார், புத்தகம் பிடித்த பகத் சிங்குக்குப் போதுமான இடம் இல்லை. நிஜ பகத் சிங் ஓயாமல் படித்தவர். சிறையில் குறிப்பேடு வைத்து எழுதியவர். அரசியல் கைதிகளை மனிதர்களாக நடத்தக் கோரித் தோழர்களோடு உண்ணாவிரதம் இருந்தவர். அந்த உண்ணாவிரதத்தில் ஜதீந்திர நாத் தாஸ் 63 நாட்கள் பட்டினி கிடந்து 1929 செப்டம்பர் 13 அன்று இறந்துபோனார். 1931 பிப்ரவரியில், சாவதற்கு ஏழு வாரம் முன்பு, இளம் அரசியல் ஊழியர்களுக்கு பகத் சிங் எழுதிய நீண்ட கடிதத்தில் தான் பயங்கரவாதி அல்ல என்றும், புரட்சி வாழ்வின் தொடக்கத்தில் வேண்டுமானால் அப்படி இருந்திருக்கலாம் என்றும், குண்டுகளால் பெரிதாக எதுவும் கிடைக்காது என்றும், தொழிலாளர்களையும் விவசாயிகளையும் திரட்டுவதே வேலை என்றும் சொல்கிறார். வானொலி நிலையத்தில் நிற்கும் கரண் அந்தக் கடிதத்தைப் படித்திருந்தால் என்ன செய்திருப்பான் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

தமிழில் அந்தப் படிப்பாளி பகத் சிங் அப்போதே அறிமுகமானவர். தூக்கிலிட்ட ஆறாம் நாள், 1931 மார்ச் 29 அன்று, பெரியார் ‘குடி அரசு’ இதழில் பகத் சிங்கைப் பற்றித் தலையங்கம் எழுதினார். பிறகு ப. ஜீவானந்தம் பகத் சிங்கின் ‘நான் ஏன் நாத்திகன்’ கட்டுரையைத் தமிழாக்கினார், அதற்காகச் சிறைக்கும் போனார்.

திரைக்கு வெளியே

படம் வந்து நான்கு வாரம்கூட ஆகவில்லை. 2006 பிப்ரவரி 21 அன்று ஜெசிகா லால் கொலை வழக்கில் டெல்லி விசாரணை நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவர்களை விடுவித்தது. 1999இல் டெல்லி உணவு விடுதி ஒன்றில், மது தர மறுத்ததற்காக அந்த இளம்பெண் சுட்டுக் கொல்லப்பட்டார். பலர் கண்முன் நடந்த கொலை. முக்கியக் குற்றவாளி ஓர் அரசியல்வாதியின் மகன். சாட்சிகள் பிறழ்ந்தார்கள். தீர்ப்பைக் கேட்டுக் கொதித்த மக்கள் இந்தியா கேட்டில் மெழுகுவத்தியோடு திரண்டார்கள். அந்தக் கூட்டம் படத்தில் பார்த்த காட்சியை மனதில் வைத்துத் திரண்டது என்று அப்போதே பத்திரிகைகள் எழுதின. அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்தது, உயர் நீதிமன்றம் வேகமாக விசாரித்தது, அதே 2006 டிசம்பரில் ஆயுள் தண்டனை விதித்தது.

கவனித்தீர்களா? மக்கள் படத்திலிருந்து எடுத்துக்கொண்டது மெழுகுவத்தியைத்தான். துப்பாக்கியைத் திரையிலேயே விட்டுவிட்டார்கள். திரையில் தடியடியோடு தோற்றுப்போகிற அந்த அமைதிக் கூட்டம் நிஜத்தில் ஒரு வழக்கை மீண்டும் திறக்க வைத்தது. படத்தை அதன் முடிவை வைத்து மட்டும் எடைபோடுகிறவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன்.

அன்று படம் முடிந்ததும் அக்கா மகள் ஓடவிட்ட பெயர்ப்பட்டியல் தீரும்வரை எழவில்லை. அப்புறம், தூக்கிலிடுவதற்கு முன் பகத் சிங் நிஜமாகவே என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்டாள். லெனினைப் பற்றிய புத்தகம் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தார் என்று சொல்வார்கள் என்றேன். “படிச்சு முடிச்சாரா மாமா?” என்றாள். அலமாரியில் அந்த நாத்திகக் கட்டுரையின் தமிழ்ப் பிரதி இருந்தது. மெல்லிய நூல், அட்டை கிழிந்திருக்கும். எடுத்துக் கொடுத்தேன், ஊருக்குப் போகும்போது பையில் வைத்துக்கொண்டு போனாள்.